சுவருக்குள் போன மோனோசைட்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் நம் கண் முதலில் போவது சர்க்கரைக்கு. அடுத்து ஹீமோகுளோபின், அப்புறம் கொலஸ்ட்ரால். வெள்ளை அணுக்களின் கணக்கில், வீசிங் தொல்லை உள்ளவர்கள் மட்டும் ஈசினோஃபில் எவ்வளவு என்று தேடுவார்கள். அதையொட்டி மோனோசைட் என்று ஒரு வரி இருக்கும். நான்கு சதவீதம், ஆறு சதவீதம் என்று சின்னதாய் ஓர் எண். டாக்டரும் பெரும்பாலும் அதன்மேல் பேனாவை வைக்க மாட்டார். ஐம்பது வயதில் வரும் மாரடைப்புக்கான வேலை இருபது வயதிலேயே தொடங்கிவிடுகிறது என்றால், அந்த வேலையில் முதலில் இறங்குவது இந்த மோனோசைட்தான்.

மாரடைப்பைப் பற்றி நம் வீடுகளில் பேசிக்கொள்வதைக் கேட்டால் வேறு மாதிரி இருக்கும். “ஆஞ்சியோ பார்த்தாங்க, மூணு இடத்துல அடைப்பு. ஒண்ணு தொண்ணூறு பர்சன்ட்.” கேட்பவர் மனத்தில் உடனே சமையலறைத் தொட்டியின் குழாய் வந்து நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கு உள்பக்கம் படிந்து படிந்து துவாரம் சிறுத்துவிட்டது. கம்பி விட்டுக் குத்தினால் சரியாகிவிடும். ஸ்டென்ட் வைப்பதும் ஏறக்குறைய அப்படித்தான் தெரிவதால் இந்த நினைப்பு மேலும் உறுதியாகிவிடுகிறது. ஆனால் கொழுப்பு குழாயின் உள்முகத்தில் படிவதில்லை. சுவருக்குள் புகுந்து அங்கே தங்குகிறது. அங்கேயும் அது வெறும் பிசுக்கு இல்லை. வெட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் நெரிசலாக உயிருள்ள செல்கள் தெரிகின்றன. அவற்றில் பல ரத்தத்திலிருந்து வந்தவை, நோயிலிருந்து நம்மைக் காப்பதற்கென்றே எலும்பு மஜ்ஜை தயாரித்து அனுப்பியவை.

தமனியின் உள்முகத்தில் ஒற்றைச் செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். ரத்தத்துக்கும் சுவருக்கும் நடுவே இருப்பது இது ஒன்றுதான். கொலஸ்ட்ராலைச் சுமந்து போகும் எல்.டி.எல். துகள்களை ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேல் வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறியவை. படலத்தைக் கடந்து சுவருக்குள் போவதும் திரும்பி வருவதும் அவற்றுக்கு அன்றாட வேலை. அதில் நோய் எதுவும் இல்லை. சில இடங்களில் மட்டும் போன துகள் திரும்புவதில்லை. சுவரின் நாரிழைகளுக்கு நடுவே உள்ள சர்க்கரைச் சங்கிலி கொண்ட புரதங்களில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கிறது.

எந்த இடங்களில்? இந்தக் கேள்விக்கான விடை எனக்கு எப்போது படித்தாலும் வியப்பாக இருக்கிறது. உடம்பு முழுக்க ஓடுவது ஒரே ரத்தம், அதில் இருப்பது ஒரே கொலஸ்ட்ரால். அப்படியானால் எல்லாத் தமனிகளும் ஒரேமாதிரிக் கெட்டுப்போக வேண்டும். கெடுவதில்லை. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் முனை, இதயத்தின் இடத் தமனி கிளைவிடும் இடம், வளைவின் உள்பக்கம் என்று குறிப்பிட்ட சில இடங்களில்தான் நோய் உண்டாகிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் ஓடும் மார்புத் தமனியை அது அநேகமாகத் தொடுவதே இல்லை. அதனால்தான் பைபாஸ் செய்யும் அறுவை நிபுணர்கள் அந்தத் தமனியை எடுத்து இதயத்தில் பொருத்துகிறார்கள்.

வேறுபாடு ஓட்டத்தில் இருக்கிறது. நேரான தமனியில் ரத்தம் ஒரே திசையில் சீராக உரசிக்கொண்டு போகும். அந்த உரசலை எண்டோதீலியச் செல்கள் உணர்கின்றன. ஓட்டத்தின் போக்கிலேயே நீண்டு படுத்து, ஒன்றோடொன்று நெருங்கி, நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றன. அந்த வாயு தமனியைத் தளர்த்துகிறது, வெள்ளை அணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. (உடலில் அந்த வாயு தகவல் சொல்லியாக வேலைசெய்வதைக் கண்டறிந்ததற்காக மூன்று அமெரிக்கர்களுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.) கிளை பிரியும் முனையில் ஓட்டம் குழம்புகிறது, தயங்குகிறது, சுழல்கிறது, நொடிக்கொரு தரம் பின்னால் திரும்புகிறது. அங்கே உள்ள செல்கள் நீளாமல் ஒழுங்கற்ற வடிவில் இருக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு குறைவு, படலத்தில் கசிவு அதிகம். கொலஸ்ட்ரால் ஏறுவதற்கு முன்பே, பிறந்ததிலிருந்தே, அந்த இடங்கள் பாதிப் பதற்றத்தில் இருக்கின்றன. அங்கே எல்.டி.எல். சிக்கி, நாளடைவில் ஆக்சிஜனேற்றமும் அடையும்போது மீதிப் பதற்றமும் வந்துவிடுகிறது.

அப்போது எண்டோதீலியம் தன் மேற்பரப்பில் வி-கேம் 1 என்ற பிடிப்புப் புரதத்தை வெளியே நீட்டுகிறது. பாஸ்டனில் மைரன் சைபல்ஸ்கியும் மைக்கேல் கிம்ப்ரோனும் முயல்களில் இதைக் கண்டு 1991-இல் வெளியிட்டார்கள். கொழுப்புத் தீனி கொடுக்கத் தொடங்கி ஒரு வாரத்துக்குள்ளேயே, கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாத நிலையில், அந்தப் புரதம் தமனியில் தலைகாட்டிவிடுகிறது என்று பின்னர் தெரிந்தது. சாதாரணமாக மோனோசைட் ரத்தத்தில் ஓரிரண்டு நாள் சுற்றிவிட்டுப் போய்விடும். இந்தப் பிடிப்பான்கள் உள்ள இடத்தைக் கடக்கும்போது அதன் வேகம் குறைகிறது. சுவரோரமாக உருண்டு, நின்று, இறுக ஒட்டிக்கொள்கிறது. பிறகு உருண்டை வடிவத்தை விட்டுவிட்டு, கால் போன்ற ஒரு நீட்சியை நீட்டி, இரண்டு எண்டோதீலியச் செல்களுக்கு இடையில் உள்ள இணைப்பைத் துழாவுகிறது. அந்த இடுக்கில் முதலில் நீட்சி நுழைகிறது, பிறகு கரு தட்டையாகி நுழைகிறது, கடைசியில் மிச்ச உடம்பு. உள்ளே போனதும் அது மோனோசைட்டாக இருப்பதில்லை. பருத்து, மேக்ரோஃபேஜ் என்ற பெருவிழுங்கியாக மாறிவிடுகிறது.

விழுங்கும் செல்கள் உடலைக் காக்கின்றன என்று முதலில் சொன்னவர் எலி மெச்னிகாஃப். 1882-இல் சிசிலித் தீவின் மெசினாவில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்து நின்றன. அந்தக் கண்டுபிடிப்புக்கு 1908-இல் பால் எர்லிக்குடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. அழற்சி என்பது உடம்பு படும் பாடு மட்டும் இல்லை, உடம்பு செய்யும் வேலை என்று அவர் பார்த்தார். தமனிச் சுவரில் நடப்பதும் அதே வேலைதான்: வேண்டாத பொருள் கிடக்கிறது, விழுங்கி வந்துவிட்டது. அங்கே கிடப்பது முள் இல்லை, நம் சொந்தக் கொழுப்பு என்பதும், அது தீரத் தீர வந்துகொண்டே இருக்கிறது என்பதும்தான் வேறுபாடு.

இதில் ஒரு புதிர் நெடுநாள் இருந்தது. டல்லாஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசஃப் கோல்ட்ஸ்டைனும், செல்கள் எல்.டி.எல்.-ஐ உள்ளே இழுத்துக்கொள்ளப் பயன்படுத்தும் வாங்கியைக் கண்டுபிடித்தவர்கள். 1985-இல் நோபல் பெற்றவர்கள். அந்த வாங்கி பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் உண்டு. அவர்களுக்குப் பள்ளி வயதிலேயே மாரடைப்பு வந்துவிடக்கூடும். அவர்களின் தமனிகளில் மேக்ரோஃபேஜ்கள் கொலஸ்ட்ராலால் பிதுங்கிக் கிடந்தன. வாங்குவதற்கு வாங்கியே இல்லாத செல் எப்படி இத்தனையை உள்ளே இழுத்தது? 1979-இல் விடையின் நுனி கிடைத்தது. இயல்பான எல்.டி.எல்.-ஐக் கொடுத்தால் மேக்ரோஃபேஜ் அதிகம் சீண்டுவதில்லை. அதே எல்.டி.எல்.-ஐ வேதிமுறையில் சற்று மாற்றிக் கொடுத்தால் வெறித்தனமாக விழுங்குகிறது. அதற்கென்று வேறு வாங்கிகள் இருக்கின்றன. கெட்டுப்போனதை, செத்ததை, பாக்டீரியாத் துணுக்கை அள்ளிப்போடும் வாங்கிகள் அவை. வயிறு நிறைந்தால் மூடிக்கொள்ளும் வழக்கம் சாதாரண எல்.டி.எல். வாங்கிக்கு உண்டு, இவற்றுக்குக் கிடையாது. சுவருக்குள் இயற்கையாகவே அந்த மாற்றத்தைச் செய்வது ஆக்சிஜனேற்றம் என்று கலிஃபோர்னியாவில் டேனியல் ஸ்டைன்பெர்கின் குழு காட்டியது. அதைக் கேட்டுவிட்டு உலகமே வைட்டமின்-ஈ மாத்திரையை வாங்கி விழுங்கியது. பெரிய மருந்துச் சோதனைகளில் அதனால் இதயத்துக்கு ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தது. ஒரு நிகழ்வு உண்மை என்பதால் அதைத் தடுக்க நாம் போடும் முதல் திட்டமும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

விழுங்கிய கொலஸ்ட்ராலை மேக்ரோஃபேஜ் சின்னச் சின்னத் துளிகளாக உள்ளே அடுக்குகிறது. மைக்ரோஸ்கோப்பில் செல் முழுக்க வெண்ணிறக் குமிழ்களாகத் தெரிவதால் நுரைச்செல் என்று பெயர். இப்படிப்பட்ட செல்கள் திரண்டால் வெறுங்கண்ணுக்கே மஞ்சளாக ஒரு கீற்று தெரியும். தமனி நோயின் முதல் அடையாளம் அந்தக் கொழுப்புக் கீற்றுதான்.

எந்த வயதில்? 1953-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எனோஸ், ஹோம்ஸ், பேயர் என்ற மூன்று ராணுவ மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்திருந்தார்கள். சராசரி வயது 22. போருக்கு அனுப்பும் அளவுக்குத் திடகாத்திரமானவர்கள். அவர்களில் 77 சதவீதம் பேரின் இதயத் தமனிகளில் நோயின் தடம் கண்ணுக்கே தெரிந்தது. சிலரிடம் லேசான தடிப்பு, சிலரிடம் ஒரு கிளையே முழுக்க அடைபட்டிருந்தது. பின்னர் விபத்திலும் வன்முறையிலும் இறந்த 15 முதல் 34 வயதுவரையிலான சுமார் மூவாயிரம் பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், 15–19 வயதுக்காரர்கள் அத்தனை பேரின் பெருந்தமனியிலும் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. பாதிக்கும் மேற்பட்டோரின் வலது இதயத் தமனியிலும் இருந்தது.

இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டியதில்லை. மாரடைப்பு அரிதாக இருந்த நாடுகளிலும் குழந்தைகளின் பெருந்தமனியில் கொழுப்புக் கீற்று இருந்திருக்கிறது. பல கீற்றுகள் அப்படியே நின்றுவிடும், சில மறைந்தும்விடும். கீற்று எல்லோருக்கும் உண்டு. அடுத்த கட்டத்துக்குப் போவது சிலருக்குத்தான். தெற்காசியர்களான நாம் அந்தக் கட்டத்துக்குச் சீக்கிரமே போய்விடுகிறோம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது தெற்காசியாவில் 53. மற்ற நாடுகளில் ஏறத்தாழ 59.

சுவருக்குள் இருக்கும் இந்தச் செல்களை மைக்ரோஸ்கோப்பில் முதலில் பார்த்தவர்கள் அவை செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. 1850-களிலேயே ருடால்ஃப் விர்ஹோ தமனிச் சுவரில் நடப்பது அழற்சிதான் என்றார். வியன்னாவில் ரோகிடான்ஸ்கி, இல்லை, ரத்தத்திலிருந்து படியும் கசடுதான் மூலம், அழற்சி பிற்பாடு வருவது என்றார். 1913-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நிகோலாய் அனிச்கோவ், தம் மாணவர் சலாடோவுடன் சேர்ந்து, சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை முயல்களுக்குக் கொடுத்தார். தமனிகளில் மனிதருக்கு வருவது போன்றே படிவு வந்தது. கொழுப்பை விழுங்கிய செல்கள் சுவருக்குள் இருப்பதையும் அவர் விவரித்திருந்தார். நாயிடமும் எலியிடமும் செய்து பார்த்தவர்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. புல் தின்னும் முயலுக்குக் கொழுப்பைக் கொடுத்தால் என்னதான் ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். பிறகு கொலஸ்ட்ரால் தரப்பு வென்றபோது செல்களைப் பற்றிய பாதி மறந்துபோனது. 1999-இல் சியாட்டிலைச் சேர்ந்த ரஸ்ஸல் ராஸ், தமனித் தடிப்பு ஓர் அழற்சி நோய் என்று தலைப்பிலேயே எழுதியபோது அது புதுக்கருத்துபோல் ஒலித்தது. உண்மையில் அது விர்ஹோவின் நூற்றைம்பது வருடப் பழைய கருத்து.

இடையில் ஒரு நல்ல சோதனை நடந்தது. மோனோசைட் வளர்வதற்கு வேண்டிய ஒரு சுரப்பு பிறவியிலேயே இல்லாத எலிகள் உண்டு. 1995-இல் அவற்றை, கொலஸ்ட்ரால் எகிறித் தமனி கெடும்படி மரபணு மாற்றிய எலிகளோடு கலந்து ஒரு வம்சத்தை உருவாக்கினார்கள். பிறந்த குட்டிகளின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் முன்னைவிட ஏறியிருந்தது. தமனியில் படிவோ மிகச் சொற்பம். கொழுப்பு எவ்வளவு இருந்தாலும், மோனோசைட் வராவிட்டால் நோய் பெரிதாக வருவதில்லை. இத்தனை தெளிவாக ஒரு பதிலைத் தரும் சோதனை மருத்துவத்தில் அடிக்கடி அமைவதில்லை.

மோனோசைட் மட்டும் தனியாக வருவதில்லை. காயம் பட்டால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எண்டோதீலியத்தை உரசிப்போகும்போது அழைப்புப் புரதங்களை அங்கே பூசிவிட்டுப் போகின்றன. அடுத்து வரும் மோனோசைட் அங்கே இன்னும் எளிதாக ஒட்டும். டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களும் உள்ளே இருக்கின்றன என்று 1980-களின் நடுவில் ஸ்வீடனில் யோரான் ஹான்சனின் குழு மனிதப் படிவுகளிலேயே காட்டியது. அவற்றில் ஒரு வகை மேக்ரோஃபேஜைத் தூண்டிவிடுகிறது; இன்னொரு வகை அடக்குகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள சமநிலைதான் கீற்று கீற்றாகவே நிற்குமா, வளருமா என்பதில் பெரும்பங்கு வகிக்கிறது.

கொரோனாவுக்குப் பிறகு நம் ஊர்க் கடைகளில் ‘நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ பொடிகளும் லேகியங்களும் வரிசைகட்டி நின்றன அல்லவா? கூட்டினால் நல்லது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. தமனியின் நோக்கில் பார்த்தால் அது கொஞ்சம் விபரீதமான ஆசை. முடக்குவாதத்திலும் லூபஸிலும் எதிர்ப்பாற்றல் கூடித்தான் கிடக்கிறது. அந்த நோயாளிகளுக்கு மாரடைப்பும் மற்றவர்களைவிட அதிகம், சீக்கிரமும்கூட. ஃப்ளூ காய்ச்சல் உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு ஏறியதை 2018-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஆவணங்களிலிருந்து கணக்கிட்டார்கள். உடம்பு கிருமியோடு போராடும்போது தமனிச் சுவரில் உள்ள பழைய படிவும் அந்த ஆரவாரத்தில் கலந்துகொள்கிறது.

சுவருக்குள் போன மேக்ரோஃபேஜ்களுக்கு என்ன ஆகிறது? கொஞ்ச காலம் அங்கேயே பெருகுகின்றன. வெளியேற வழி குறைவு. கொழுப்பு ஏறிய உடம்போடு நகர்வதும் கடினம். ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்குகின்றன. செத்ததை அடுத்த மேக்ரோஃபேஜ் விழுங்கி அப்புறப்படுத்த வேண்டும். ஆரம்பத்தில் அது ஒழுங்காக நடக்கிறது. சாவு கூடக் கூட, விழுங்குபவர்களும் களைக்க, செத்த செல்களும் அவை கக்கிய கொலஸ்ட்ராலும் சேர்ந்து நடுவில் கூழாகத் தேங்குகின்றன. அந்தக் கொலஸ்ட்ரால் ஊசி ஊசியாகப் படிகமாகிறது. 2010-இல் ஒரு பன்னாட்டுக் குழு, இந்தப் படிகங்களை மேக்ரோஃபேஜ் விழுங்கும்போது அதற்குள் ஓர் அபாய மணி அடிக்கிறது என்று கண்டது. இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிச் சுரப்பு வெளியே வருகிறது. அது இன்னும் மோனோசைட்டுகளை அழைக்கிறது. கல்லீரலையும் எட்டி, ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தின் அளவை ஏற்றுகிறது. கூழுக்குமேல் நார்த்திசு ஒரு மூடியைப் போட்டுத்தான் வைத்திருக்கும். அந்த நாரையும் மேக்ரோஃபேஜ்கள் சுரக்கும் நொதிகள் அரிக்கின்றன. படிவுக்குள் முளைக்கும் மெல்லிய புதுக் குழாய்கள் உடைந்தால் சிவப்பணுக்களும் உள்ளே கொட்டும். அவற்றின் உறையில் கொலஸ்ட்ரால் ஏராளம், கூழ் மேலும் பெருக்கும். ஒரு நாள் மூடி கிழிகிறது. ரத்தம் கூழைத் தொட்ட கணத்தில் உறைகிறது. அதுதான் மாரடைப்பு. பல மாரடைப்புகள் தொண்ணூறு சதவீத அடைப்பில் வருவதில்லை. துவாரத்தைப் பாதிகூடக் குறைக்காமல், நேற்றுவரை ஒரு மூச்சுவாங்கலும் தராமல் கிடந்த படிவு கிழிந்து வருகின்றன. போன மாதம் ட்ரெட்மில் டெஸ்ட் நார்மல் என்று வந்தவர் எப்படி இறந்தார் என்று துக்க வீட்டில் கேட்கும் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இதுதான்.

இத்தனை மோனோசைட்டுகளும் எங்கிருந்து வருகின்றன? இந்தக் கேள்விதான் கடந்த பதினைந்து, இருபது வருடங்களில் ஆய்வைத் தமனியிலிருந்து எலும்புக்குள் இழுத்துப்போனது. பாஸ்டனில் ஃபிலிப் ஸ்விர்ஸ்கி, மத்தியாஸ் நாரென்டார்ஃப் இருவரின் குழுக்கள் 2009-இல் மண்ணீரல் மோனோசைட்டுகளைச் சேர்த்துவைக்கும் இருப்பிடம் என்று கண்டன. மாரடைப்பு நேர்ந்ததும் அங்கிருந்து அவை புறப்பட்டு இதயத்துக்குப் போகின்றன. காயத்தைச் சரிசெய்யத்தான். ஆனால் அதே அலையில் மற்ற தமனிகளில் உள்ள படிவுகளும் எலிகளில் வேகமாக வளர்ந்தன. ஒரு மாரடைப்பு வந்தவருக்கு அடுத்த வருடத்துக்குள் இன்னொன்று வரும் அபாயம் ஏன் கூடுகிறது என்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

2014-இல் அதே வட்டாரத்தில் இன்னொரு சோதனை. தீவிர சிகிச்சைப் பிரிவில் டூட்டி பார்க்கும் இளம் மருத்துவர்கள் 29 பேரிடம், ஓய்வு நாளிலும் ஒரு வார வேலைக்குப் பிறகும் ரத்தம் எடுத்தார்கள். வேலைக்குப் பின் வெள்ளை அணுக்கள், மோனோசைட்டும் சேர்த்து, ஏறியிருந்தன. எலிகளைத் தொந்தரவு செய்து பார்த்ததில் வழியும் தெரிந்தது. மன அழுத்தத்தில் நரம்புகள் மஜ்ஜைக்குள்ளேயே நார்அட்ரினலினை விடுகின்றன. ஸ்டெம் செல்களை அமைதியாக வைத்திருக்கும் ஒரு சுரப்பு அதனால் குறைகிறது. செல்கள் வேகமாகப் பிரிகின்றன. தூக்கத்தை அடிக்கடி கலைத்தாலும் எலிகளில் மோனோசைட் கூடித் தமனிப் படிவு பெரிதாகிறது என்று 2019-இல் வந்தது. நைட் ஷிஃப்ட் உடம்புக்கு ஆகாது என்று அம்மாக்கள் சொல்லும்போது யாரும் கேட்டதில்லை. இப்போது அதற்கு நார்அட்ரினலின் அளவுக்கு விளக்கம் கிடைத்திருக்கிறது.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. மஜ்ஜையில் உள்ள ரத்த ஸ்டெம் செல் ஒன்றில் தற்செயலாக ஒரு மரபணு மாறுகிறது என்று வையுங்கள். புற்றுநோய் ஆவதற்கு அது போதாது. மற்றவற்றைவிட அந்தச் செல் கொஞ்சம் நன்றாகப் பெருகுவதற்கு மட்டும் போதும். வருடங்கள் போகப் போக ரத்த அணுக்களில் கணிசமான பங்கு அந்த ஒரே செல்லின் வாரிசுகளாக இருக்கும். எழுபது வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கேனும் இப்படி இருக்கிறது என்று 2014-இல் தெரியவந்தது. ரத்தப் புற்றுநோய் வரும் அபாயத்தைத்தான் தேடிப்போனார்கள். இறப்புக்குக் காரணங்களைப் பார்த்தால் மாரடைப்பும் பக்கவாதமும் முன்னால் நின்றன. 2017-இல் சித்தார்த் ஜெய்ஸ்வாலும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு இதயத் தமனி நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இளவயதிலேயே மாரடைப்பு வருவது நான்கு மடங்கு. காரணம் மறுபடியும் மேக்ரோஃபேஜ்தான். டெட்-2 என்ற மரபணு பழுதான மேக்ரோஃபேஜ் சின்னத் தூண்டலுக்கே இன்டர்லூக்கின்-1 பீட்டாவைக் கொட்டுகிறது. கொலஸ்ட்ரால், சிகரெட், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்ற பழைய பட்டியலில் இல்லாத ஒரு காரணம், தமனிக்குச் சம்பந்தமே இல்லாத மஜ்ஜையில் பிறந்திருக்கிறது.

அப்படியானால் அழற்சியை அடக்கினால் மாரடைப்பு குறைய வேண்டும். 2017-இல் பால் ரிட்கர் தலைமையில் முடிந்த கேன்டாஸ் சோதனை அதைத்தான் பார்த்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி.-யும் ஏறியிருந்த 10,061 பேர். இன்டர்லூக்கின்-1 பீட்டாவைக் கட்டிப்போடும் கனகினுமாப் என்ற ஊசி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கொலஸ்ட்ரால் துளியும் குறையவில்லை. மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. விர்ஹோவின் வாதத்துக்கு மனிதர்களில் கிடைத்த முதல் நேரடிச் சான்று அது. கூடவே, தொற்றால் இறப்பவர்கள் அதிகமானார்கள். எதிர்ப்பாற்றலில் ஒரு நரம்பைக் கட்டினால் கிருமிக்கு ஒரு கதவு திறக்கும் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான். மொத்த இறப்பு மாறவில்லை, மருந்தின் விலையும் எட்டாத உயரம். இதய நோய்க்கு அந்த ஊசியை அமெரிக்காவில் அனுமதிக்கவில்லை. அடுத்த வருடமே மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்த சோதனையில் ஒரு பலனும் இல்லை. எந்த அழற்சி மருந்தானாலும் சரி என்ற கதை இல்லை இது. எந்தக் கண்ணியை அறுக்கிறோம் என்பது முக்கியம்.

பிறகு பார்வை கோல்ச்சிசின் பக்கம் திரும்பியது. கீல்வாதத்துக்குக் காலங்காலமாகக் கொடுக்கும் மலிவான மாத்திரை. இதற்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது கோல்ச்சிசின்தான். கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கங்களில் பந்தல் போட்டு அதைப் பயிரிடுகிறார்கள். விதைதான் விளைச்சல், மருந்துக்காக வெளிநாட்டுக்குப் போகிறது. அந்தக் கிழங்கைத் தின்று இறந்தவர்களும் நம் கிராமங்களில் உண்டு, ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் வேலியோரம் தேடிப்போகக் கூடாது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இதில் தூரம் மிகக் குறைவு. கோல்ச்சிசின் செல்களின் உட்சட்டமான நுண்குழல்கள் உருவாவதைத் தடுக்கிறது. சட்டம் ஆடிப்போனால் வெள்ளை அணு வளைந்து நெளிந்து இடுக்கில் நுழைய முடியாது. இன்டர்லூக்கின் தயாரிக்கும் அபாய மணியும் சரியாக அடிக்காது.

தினம் அரை மில்லிகிராம். 2019-இல் மாரடைப்பு வந்து முப்பது நாட்களுக்குள் இருந்த 4,745 பேரிடம் நடந்த கனடியச் சோதனையில் இதய விபத்துகள் 23 சதவீதம் குறைந்தன. 2020-இல் ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் நாட்பட்ட நோயாளிகள் 5,522 பேரிடம் 31 சதவீதம் குறைந்தன. 2023 ஜூனில் அமெரிக்கா இதய நோய்க்கென்றே அதை அனுமதித்தது. எல்லாம் கூடிவந்ததுபோல் இருந்தபோது, 2024-இல் ஏழாயிரம் பேரிடம் நடந்த இன்னொரு பெரிய சோதனை, மாரடைப்பு வந்த சூட்டிலேயே மருந்தைத் தொடங்கியது. பலன் எதுவும் இல்லை என்று வந்தது. யாருக்கு, எப்போது கொடுத்தால் உதவும் என்று இப்போது மருத்துவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் பார்வையில், மேக்ரோஃபேஜை அடக்கும் மருந்து எவ்வளவு நன்றாக வந்தாலும் அது இரண்டாம் வரிசையில்தான் நிற்கும். அப்படிச் சொல்லவைப்பது பொலிவியாவின் அமேசான் காட்டில் வாழும் சிமானே மக்கள்.

அவர்கள் உடம்பில் அழற்சிக்குப் பஞ்சமே இல்லை. வயிற்றுப் புழு, ஒட்டுண்ணி, காய்ச்சல் என்று தொற்று ஓய்வதே இல்லை. பாதிப் பேருக்குச் சி.ஆர்.பி. எகிறியிருக்கிறது. இதுவரை சொன்ன கணக்கின்படி அவர்கள் தமனிகள் நாசமாகியிருக்க வேண்டும். 2017-இல் 705 பேரை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், 85 சதவீதம் பேரின் இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவே கிடையாது. அதுவரை ஆராய்ந்த எந்த மக்கள் கூட்டத்திலும் அவ்வளவு குறைவாக இருந்ததில்லை. வேட்டை, மீன்பிடிப்பு, வேளாண்மை என்று பகல் முழுக்க உழைப்பு. எல்.டி.எல். சராசரி ஏறக்குறைய 90. படை எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. சுவருக்குள் அதை இழுக்க ஏதும் சிக்கிக் கிடக்கவில்லை.

இதே உண்மையை மறுபக்கத்திலிருந்து காட்டிய ஆய்வு ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. எல்.டி.எல். வாங்கி பாதி பழுதாகப் பிறந்த 214 பிள்ளைகளுக்கு, எட்டு வயதிலிருந்து பதினெட்டு வயதுக்குள், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையைத் தொடங்கி, இருபது வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். அதே குறையோடு பிறந்து, அந்த வயதில் மருந்து கிடைக்காத அவர்கள் பெற்றோரில் 26 சதவீதம் பேருக்கு 39 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தது. பிள்ளைகளில் ஒரு சதவீதம். கழுத்துத் தமனியின் தடிப்பை அளந்தால், குறையில்லாமல் பிறந்த கூடப்பிறந்தவர்களின் தமனியும் இவர்களுடையதும் ஒரே வேகத்தில்தான் தடித்துக்கொண்டிருந்தன.